முலாம்பழம் தின்று கண்ணீர் விட்ட பாபர்

இந்தியாவில் மொகலாயர் ஆட்சியைத் தொடங்கி வைத்தவர், பாபர். போர்க்களத்தில் அஞ்சாத வீரர். அப்படிப்பட்டவரை ஒரு முலாம்பழம் அழ வைத்துவிட்டது!

பாபர் 1483-ம் ஆண்டு மத்திய ஆசியாவில் உள்ள பர்கானா நாட்டில் பிறந்தார். முலாம்பழமும் திராட்சையும் நன்றாக விளையும் பூமி அது. 1494-ல் தந்தை இறந்துபோனார். 11 வயதுச் சிறுவன் அரசன் ஆனான்.

நாட்டை இழந்தார்

1497-ல் சாமர்க்கண்டு நகரைப் பாபர் பிடித்தார். அதற்குள் சொந்த நாடு கைநழுவியது. பின்பு சாமர்க்கண்டும் போயிற்று. ஊர் ஊராக அலைந்தார். 1504-ல் காபூலைக் கைப்பற்றினார். அதுவே அவருக்குச் சொந்த ஊர் ஆயிற்று. அங்கே தோட்டங்கள் போட்டார். நண்பர்களோடு கூடிக் களித்தார்.

1526-ல் பானிபட்டில் இப்ராகிம் லோடியை வென்றார். டெல்லியும் ஆக்ராவும் அவர் வசமாயின. ஆனால் வெயில் கொளுத்தியது. படைத் தலைவர்கள் பலர் ஊருக்குத் திரும்பத் துடித்தார்கள். கஷ்டப்பட்டு வென்ற நாட்டை விட்டுப் போகலாமா என்று கேட்டு, பாபர் அவர்களைத் தடுத்தார். பலர் தங்கினார்கள். உயிர் நண்பர் குவாஜா கலானோ பிடிவாதமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

அழுதது ஏன்?

1529-ம் ஆண்டு. பாபருக்கு ஒரு முலாம்பழம் வந்தது. நறுக்கித் தின்றார். கண்ணீர் பெருகியது! மற்றவர்களைத் தடுத்து நிறுத்திய அவரே ஊர் நினைவில் அழுதார். அதை மறைக்கவும் இல்லை. ஊர் திரும்பிய அந்த நண்பருக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார்.

ருசியும் வாசனையும் பழைய நாட்களை எழுப்பிவிடும். பிரிந்த ஊரும், கூடியிருந்த நண்பர்களும், போன இளமையும் ஒரு துண்டுப் பழத்தில் வந்து நிற்கும். ஊருக்குத் திரும்ப வழி உண்டு. கழிந்த நாளுக்குத் திரும்ப வழி ஏது?

பாபர் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. ஆக்ராவில் தோட்டம் போட்டிருந்தார். முலாம்பழமும் திராட்சையும் பயிர் செய்யச் சொல்லியிருந்தார். அவை காய்த்துப் பழுத்தபோது மனம் பூரித்தார்.

1530-ல் ஆக்ராவில் காலமானார். முதலில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். பின்னர் உடலைக் காபூலுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு தோட்டத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். தாயின் சமையல் வாசனை நினைவுக்கு வந்தால் அவர்கள் கண்ணும் கலங்கும். அதற்கு வெட்கப்பட வேண்டாம். பேரரசரே அழுதிருக்கிறார். அழுதாலும், இருக்கும் மண்ணில் விதை ஊன்றினார். அதுதான் அவர் பெருமை.