கடன் தீர்த்துத் துறந்த பொறியியலாளர்

தெமோதரைப் புகையிரத நிலையத்தில் நிற்போர், மலையைச் சுற்றி வளைந்து செல்லும் இருப்புப் பாதை தம் காலடியிலேயே சுரங்கத்தினுள் நுழைவதைக் கண்டு வியப்பர். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அப்பாதையைப் பார்த்தே வளர்ந்த ஊவா வாலிபராகிய எமக்குப் பொறியியலாளரின் திறமை புதியதன்று. தம் பிள்ளை படித்துப் பொறியியலாளனாக வேண்டும் என்பது தோட்டத்துப் பெற்றோர் பலரின் கனவுமாகும். அத்தகைய பதவியைப் பெற்று, அதனைக் கொண்டு அன்னைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, பின்னர் பதவியைத் துறந்து தம் தொழிலறிவு முழுவதையும் இறைபணிக்கே ஈந்த பெரியார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். இராமகிருஷ்ண மிஷனின் நான்காம் தலைவராய் விளங்கிய சுவாமி விஞ்ஞானானந்தரே அவர்.

அவருடைய இயற்பெயர் ஹரிப்பிரசன்ன சட்டோபாத்தியாயர். வங்காள அந்தணர் குடும்பத்தினர். 1868ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வட இந்தியாவிலுள்ள எட்டாவா என்னும் ஊரில் பிறந்தார். கல்கத்தாவில் கத்தோலிக்க குருமார் நடத்திய சென் சேவியர் கல்லூரியில் பயின்றார். மிஷன் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் தம் சமயத்தை மறந்துவிடுவரோ என அஞ்சும் பெரியோர் எம்மிடையே உளர். நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றவர்களே. அங்கு பெற்ற கல்விக்கும் ஒழுங்குக்கும் என்றும் நன்றியுடையோம். பிறர் பள்ளியிற் கற்பதால் ஒருவனுடைய பக்தி குறைந்துவிடாது என்பதற்கு ஹரிப்பிரசன்னரே சான்று. அக்கல்லூரி மாணவராய் இருந்த காலத்திலேதான், 1883ஆம் ஆண்டளவில், அவர் தோழருடன் தட்சிணேசுவரம் சென்று ஸ்ரீ இராமகிருஷ்ணரைத் தரிசித்தார்.

ஹரிப்பிரசன்னர் நல்ல உடற்கட்டு வாய்ந்தவர். ஒரு நாள் பரமஹம்சர் அவரை மற்போருக்கு அழைத்தாராம். இளைஞரும் அவரைச் சுவர்வரை தள்ளிச் சென்றுவிட்டார். ஆயினும் அந்த மெலிந்த திருமேனியிலிருந்து ஏதோ ஓர் ஆற்றல் தம்முட் பாய்வதை உணர்ந்து செயலற்று நின்றார். வென்றவர் யார் என்பது அக்கணமே அவருக்கு விளங்கிவிட்டது.

1886ஆம் ஆண்டில் குருதேவர் சமாதியடைந்ததும், இளஞ்சீடர் பலர் வீட்டை விட்டு வெளியேறித் துறவு பூண்டனர். ஹரிப்பிரசன்னரின் உள்ளமும் அவ்வழியையே நாடிற்று. ஆனால் தந்தையை இழந்திருந்த அவருக்கு அன்னையைக் காக்கும் பொறுப்பு இருந்தது. அதனை உதறிவிட்டு ஓட அவர் மனம் இசையவில்லை. பாட்னாவிற் கற்றபின் பூனா விஞ்ஞானக் கல்லூரியிற் சேர்ந்து, 1892இல் பொறியியற் பரீட்சையிற் சிறப்புறத் தேறினார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் மாவட்டப் பொறியியலாளராய் உத்தியோகம் ஏற்றார். அன்னையின் பிற்காலத்துக்குப் போதுமான பொருளைச் சேர்த்து வைத்தபின், 1896இல் வேலையை விட்டு ஆலம்பஜார் மடத்தையடைந்தார். உத்தியோகம் பார்த்தது சில ஆண்டுகளே. ஆயினும் அன்னையைக் காரணங்காட்டி அவர் இறைவனை மறக்கவுமில்லை. இறைவனைக் காரணங்காட்டி அன்னையைக் கைவிடவுமில்லை.

துறவு அவருடைய தொழிலைப் பறிக்கவில்லை. பேலூரில் கங்கைக் கரையிலே மடம் எழுந்தபோது, கட்டட வேலையையும் ஆற்றங்கரைப் படித்துறை வேலையையும் மேற்பார்த்தவர் அவரே. ஒரு நாள் கொளுத்தும் வெயிலில் அவர் நின்று வேலை வாங்குவதைக் கண்ட விவேகானந்தர், தாம் அருந்திய குளிர்பானத்தை ஒருவர் கையில் அனுப்பினார். பாத்திரத்தில் எஞ்சியிருந்தவை சில துளிகளே. முதலில் சற்று வருத்தமுற்றாலும், பிரசாதமெனக் கருதி அவற்றைப் பருக, தாகம் முற்றிலும் தணிந்துவிட்டதாம்.

விவேகானந்தர் குருதேவருக்கு அமைய வேண்டிய ஆலயத்தைப் பற்றிய தம் எண்ணங்களை இவரிடமே விளக்கினார். இவர் அதற்கு வரைபடமும் தீட்டினார். ஆனால் 1902இல் விவேகானந்தர் மறைந்தார். ஆலயம் எழவில்லை. விஞ்ஞானானந்தரோ அதற்கு முன்னரே அலகாபாத்துக்குச் சென்றுவிட்டார். சிறிய இடமொன்றிற் பல்லாண்டு எளிமையாய்த் தங்கி, பின்னர் அந்நகரில் மடம் ஒன்றை நிறுவினார். காசிச் சேவாசிரமக் கட்டடங்களும் அவருடைய மேற்பார்வையில் எழுந்தவையே. சூரிய சித்தாந்தம் என்னும் வானநூலை வங்காளியில் மொழிபெயர்த்தார். நீர் வழங்கும் வேலைகளைப் பற்றி அம்மொழியில் நூலொன்றும் இயற்றினார். எமது பாடசாலைகளில் விஞ்ஞானம் என்றால் பௌதிகமும் இரசாயனமுமாம். வேதாந்திகளுக்கோ அது மேலான ஞானம். அச்சொல்லின் இரு பொருளும் அவருடைய பெயருக்குப் பொருந்தின.

முதுமையிலே பழைய பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1935ஆம் ஆண்டு பேலூர் ஆலயத்துக்கான அடிக்கல்லை அவர் நாட்டினார். 1937இல் மிஷனின் தலைவரானார். 1938 ஜனவரி 14ஆம் நாள், தளர்ந்த உடலுடன், குருதேவரின் திருவுருவத்தை அவ்வாலயத்திற் பிரதிட்டை செய்தார். விவேகானந்தர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தபின் அக்கனவு நனவாயிற்று. தமது கடமை முடிந்ததென உணர்ந்தவர்போல், அதே ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் அலகாபாத்தில் உடலை நீத்தார்.

வாலிப அன்பர்களே! மலையேறிக் கொழுந்து பறித்து எம்மைப் படிக்கவைத்த அன்னையர் எம்மிடையே பலர். முதற் சம்பளம் அவர்களுக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு எம் கடன் தீர்ந்துவிடுமா? லயத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை கணக்குச் சொல்லிக் கொடுக்கவும், கோயிற் கூரையின் ஒழுக்கை அடைக்கவும் துறவியாக வேண்டியதில்லை. கற்ற தொழிலை அங்கே கொண்டு சென்றாற் போதும். பெரியோரே, பிள்ளைகள் அவ்வாறு புறப்படும்போது தடுக்காது வாழ்த்தி அனுப்புங்கள். வீட்டுக்குரியதை மறவாதவரே ஊருக்கும் உதவுவர் என்பதை விஞ்ஞானானந்தரின் வாழ்விற் கண்டோமல்லவா?