கடலில் மறைந்த வள்ளல்

அமெரிக்க மக்களின் உயிரான ஆட்டம் பேஸ்பால். அதில் பெரும் புகழ் பெற்றவர் ராபர்ட்டோ கிளெமென்டே.

போர்ட்டோ ரிக்கோ தீவில் 1934-ம் ஆண்டு பிறந்தார். தந்தை கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மகன் பிட்ஸ்பர்க் நகர அணியில் 18 ஆண்டுகள் ஆடினார்.

பூகம்பம்

1972 டிசம்பர் 23-ந் தேதி, நிகரகுவா நாட்டுத் தலைநகரம் பூகம்பத்தில் இடிந்தது. கிளெமென்டே உணவும் மருந்தும் திரட்டி அனுப்பினார். அவை ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று தகவல் வந்தது. தானே கொண்டு போகப் புறப்பட்டார்.

டிசம்பர் 31-ந் தேதி இரவு. கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. தீவு மக்கள் கடற்கரையில் திரண்டு கண்ணீர் விட்டனர்.

அவர் அணிந்த 21-ம் எண்ணை 1973-ல் அணி அவருக்கே உரியதாக்கியது. பிறருக்கு உதவும் ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரில் பரிசு தரப்படுகிறது.