பங்க்கில் தினமும் சொல்ற பேரு... நடுக்கடலில் மாயமான டீசல்! யார் இவர்?

பங்க்குக்குப் போய் டீசல் போடச் சொல்றோம். அது ஒரு மனுஷரோட பேருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பல்களின் தலைவிதியையே மாற்றியவர், கடைசியில் ஒரு கப்பலிலிருந்துதான் காணாமல் போனார்.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியது. 12 வயசு ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே வளர்ந்து, மியூனிக்கில் பொறியியல் படித்தார்.

அப்படி என்ன கண்டுபிடிச்சார்?

சைக்கிள் பம்பை வேகமா அடிச்சா அடிப்பகுதி சூடாகும் இல்லையா? அதே கதைதான். காற்றை இறுக்கி அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டாம். 1893-ல் காப்புரிமை கிடைத்தது. அதே வருஷம் நடந்த முதல் சோதனையில் வெடிப்பு. ஆனாலும் அவர் விடவில்லை. நீராவி இன்ஜின்கள் எரிபொருள் சக்தியில் சுமார் 10 சதவீதத்தையே வேலையாக மாற்றிய காலத்தில், 1897-ல் இவரோட இன்ஜின் 26 சதவீதத்தைத் தொட்டது.

பிரச்சினை எங்கே வந்தது?

விற்பனைக்குப் போன முதல் இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் செய்தன. சில திரும்பியே வந்தன. புது இயந்திரத்தைப் பராமரிக்கத் தெரிந்த கைகள் அப்போ குறைவு. டீசலின் உடம்பும் மனசும் தளர்ந்தது.

பாய்மரக் கப்பலில் டீசல்

ஆனால் இன்ஜின் மெல்ல மெல்லத் தேறியது. 1910-ல் 'ஃப்ராம்' என்ற பாய்மரக் கப்பலில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு, 180 குதிரைத்திறன் டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். அந்தக் கப்பலில் அண்டார்டிகா போன அமுண்ட்சென் குழுதான் 1911-ல் முதன்முதலாகத் தென் துருவத்தைத் தொட்டது.

இன்றும் பாய்மரப் படகுகளில் டீசல்தான் அதிகம். பெட்ரோல் மாதிரி சுலபமா ஆவியாகித் தீப்பிடிக்காது. ஈரத்தில் நனைந்து கெட்டுப்போக ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஆனால் கவனிப்பு கட்டாயம். டேங்கில் தண்ணீர் சேரக் கூடாது, ஃபில்டரை நேரத்துக்கு மாற்றணும். எரிபொருள் குழாயில் காற்று புகுந்தால் இன்ஜின் நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியேற்றணும். கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்தால் சூடு ஏறிடும். இதையெல்லாம் பார்த்துக்கிட்டா பல பத்தாண்டு பழைய இன்ஜினும் ஓடும்.

கடைசி இரவு

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார் டீசல். இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆளைக் காணோம். படுக்கை கலையவே இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த பொருட்களைப் பார்த்து, அது அப்பாதான்னு மகன் அடையாளம் சொன்னார்.

அப்போது டீசல் பெரும் கடனில் இருந்தார். தற்கொலையா, விபத்தா, கொலையா? 100 வருஷம் தாண்டியும் முடிவான விடை இல்லை. கவனிச்சா காலத்துக்கும் ஓடும் இன்ஜினைக் கொடுத்த மனுஷர், 55 வயசிலேயே நின்றுபோனார்.