சாப்பாட்டுத் தட்டை எடை போட்டவர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி... எந்தப் பக்கத்துக் காலேஜா இருந்தாலும் மதியம் 2 மணி கிளாஸ் ஒரே மாதிரிதான் இருக்கும். மெஸ்ஸில் மலை மாதிரி சோறு, மேலே சாம்பார், ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல். முடிச்சுட்டு வந்து உட்கார்ந்தா பத்தே நிமிஷத்தில் கண்ணு சொருகும். பழி என்னவோ புரொஃபசர் மேல. ஆனா பாதிப் பழி அந்தத் தட்டுக்குப் போகணும். அந்தத் தட்டை ஏறக்குறைய 100 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம குன்னூரில் சோதிச்சுப் பார்த்தவர் ராபர்ட் மெக்காரிசன்.

1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சுட்டு 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இங்கே வந்தார். முதலில் வேலை வடக்கே, கில்கிட் மலைப்பகுதியில். அங்கே பலருக்குக் கழுத்துக்கழலை. காரணம் தண்ணீரா என்று பார்க்க, அந்த அசுத்தத் தண்ணீரைத் தானே குடிச்சுப் பார்த்தவர் இவர்!

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நரம்பும் இதயமும் தளர்ந்து போகிற நோய் அது. வயிறு நிறைய சாப்பிடுறவனுக்கும் வந்தது என்பதுதான் புதிர். புறாக்களுக்குத் தீட்டின அரிசி மட்டும் போட்டுப் பார்த்தார். அவையும் தளர்ந்து விழுந்தன.

விஷயம் இதுதான். சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, செல்லுக்குள் எரிந்து சக்தியாக மாற வைட்டமின் பி1 வேணும். சோறு கூடக் கூட அதன் தேவையும் கூடும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அது போயிடுது. டேங்க் நிறைய பெட்ரோல், ஸ்பார்க் பிளக் இல்லாத வண்டி மாதிரி. புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே பி1 உள்ளே இறங்கிடும். சென்னை மாகாணத்தில் பச்சரிசி சாப்பிட்ட வட தெலுங்கு மாவட்டங்களை பெரிபெரி வாட்ட, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பிச்சது இதனால்தான்.

1923-ல் செலவைக் குறைக்க அரசு ஆய்வையே மூடியது. அவர் விடவில்லை, சில வருஷத்தில் மறுபடி தொடங்கினார். அடுத்துச் செய்ததுதான் அவருடைய பெரிய சோதனை. ஒரே வகை எலிகளைக் குழுக்களாகப் பிரிச்சு, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்டவை சராசரியாகச் சுமார் 235 கிராம் எடையோடு முதலிடம். கழுவின தீட்டின அரிசியும் கொஞ்சம் மோரும் சாப்பிட்ட மதராஸ் குழு? சுமார் 155 கிராம். கடைசி.

படிக்கும்போது நமக்குக் கொஞ்சம் சுருக்குனுதான் இருக்கு. ஆனா யோசிங்க. வடக்கத்திக்காரன் பிறவியிலேயே வீரன், தெற்கத்திக்காரன் பிறவியிலேயே நோஞ்சான் என்று அரசாங்கமே நம்பி ராணுவத்துக்கு ஆள் எடுத்த காலம் அது. எலி எல்லாம் ஒரே வகை, மாறினது தட்டு மட்டும்தான். இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் சாப்பாட்டையும் அவர் விடலை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், இனிப்பு டீ, டின் இறைச்சி. அதைச் சாப்பிட்ட எலிகள் ஒன்றையொன்று கொன்று தின்ன ஆரம்பிச்சுது!

1928-ல் அந்த ஒற்றை அறை, ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. முதல் இயக்குநர் அவரே. 1935-ல் ஓய்வு பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார், 1960-ல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1958-ல், அந்தக் கூடம் ஹைதராபாத்துக்கு மாறியிருந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அவருக்குப் பின் வந்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லுது. நார்ச்சத்தும் புரதமும் கூட இருந்தா வயிறு மெதுவா காலியாகும், ரத்தச் சர்க்கரை சட்டுனு ஏறாது. ஆக, சோறு வில்லன் இல்லை. அது தனியா வர்றதுதான் பிரச்சினை.

நாளைக்கு மெஸ்ஸில் சோற்றில் ஒரு கரண்டி குறைச்சு, கீரையும் சுண்டலும் ரெண்டு கரண்டி கூடக் கேளுங்க. அதையே முதலில் சாப்பிடுங்க. 2 மணி கிளாஸில் என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்க. இந்தத் தடவை எலி நாமதான்.