புகைக்கு வேலை கொடுத்தவர்

கண்டிக்கு ஏறும் கடுகண்ணாவைக் கணவாயிலே, பாரச் சுமையுடன் ஊர்ந்து செல்லும் லொறியின் பெருமூச்சைக் கேளாதார் நம்மில் இலர். அம்மூச்சோடு போவது வெறும் புகையன்று. எரிந்த எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கும் அதனுடன் வீணே கழிகின்றது. அதனை மீட்க முனைந்தவர் அல்பிரெட் பியூகி என்னும் பொறியியலாளர். (ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பூச்சி என்று படித்துவிடலாகாது.)

1879 ஆம் ஆண்டிலே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிற் பிறந்த இவர், சூரிச்சிற் பொறியியல் கற்று 1903 இல் தேறினார். 1905 இல், இருபத்தாறாம் வயதில், தம் கருத்தைக் காப்புரிமையாகப் பதிவு செய்தார். வெளியேறும் புகை ஒரு சில்லைச் சுழற்றும். அதே அச்சிற் பூட்டிய மற்றொரு சில்லு வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருட் செலுத்தும். காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாய் எரியும்; வலு பெருகும்.

கருத்து எளிது, காரியம் அரிதாயிற்று. அவ்வெம்மையைத் தாங்கும் உலோகம் அன்றில்லை. சுல்சர் தொழிலகத்திலே ஆண்டுக்கணக்காகச் சோதித்தும் பயன் கைகூடவில்லை. இருபதாண்டு கழிந்தது.

1925 இல் அவர் கண்ட இரண்டாம் உண்மை, முதலாவதினும் நுட்பமானது என்பேன். புகை ஆறுபோல ஒழுகுவதன்று. நாடிபோலத் துடித்துத் துடித்து வருவது. எல்லாச் சிலிண்டர்களும் ஒரே பெருங்குழாயிற் கக்கினால் ஒன்றன் துடிப்பு மற்றொன்றைக் கெடுக்கும். ஆகவே எரியும் வரிசை நோக்கி, ஒன்றற்கொன்று இடையூறு செய்யாத சிலிண்டர்களைக் குழுவாக்கி, குழுவுக்கொரு ஒடுங்கிய குழாய் அமைத்தார். துடிப்பு மழுங்காது சில்லைத் தாக்கியது. இரு துடிப்புகளுக்கிடையே அமுக்கம் தாழவே, புதுக்காற்று எஞ்சிய புகையைத் துடைத்தெறிந்தது. அக்காலத்தே கட்டப்பெற்ற இரு ஜெர்மானியக் கப்பல்களில் ஒவ்வொரு எஞ்சினும் 1,750 பரிவலுவிலிருந்து 2,500 பரிவலுவுக்கு உயர்ந்தது.

1959 இல் பியூகி காலமானார். டர்போ பூட்டிய கார் சந்தைக்கு வந்தது 1962 இல், அமெரிக்காவிலே. இன்று 1-3-4-2 என எரியும் நான்கு சிலிண்டர்க் காருக்குப் புகைக்குழாய் வளைப்போர், ஒன்றையும் நான்கையும் ஓரிணையாகவும், இரண்டையும் மூன்றையும் மற்றோரிணையாகவும் சேர்ப்பது அவர் காட்டிய நெறியே. காருக்கு மேலும் ஒன்று வேண்டும்: மிகுபுகையைச் சில்லுக்குச் செல்லாது விலக்கிவிடும் வேஸ்ட்கேட் என்னும் வால்வு. அது குழாய்கள் கூடுமிடத்தில், புகை செல்லும் திசையிலேயே கிளைத்தல் வேண்டும். செங்குத்தாக எங்கேனும் ஒட்டிவைத்தால் புகை அவ்வழி போதிய அளவு திரும்பாது போகலாம்; அமுக்கம் வரம்பு கடந்து ஏறக்கூடும்; எஞ்சின் உடையவும் கூடும்.