ஜோசப் மரீ ஜக்கார்டு

ஜோசப் மரீ ஜக்கார்டு (ஜூலை 7, 1752 - ஆகஸ்ட் 7, 1834) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த நெசவாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு துணியில் வேலைப்பாடுகளை நெய்யும் பொறியை உருவாக்கியவர். ஆரணி போன்ற ஊர்களில் பட்டுத் தறிகளின் மேல் பொருத்தப்படும் ஜக்கார்டு பெட்டி இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 1793 இல் புரட்சிப் படைகள் லியோனை முற்றுகையிட்டபோது நகரின் பக்கம் நின்று போரிட்டார். பின்னர் தம் மகனைப் போரில் இழந்தார்.

கண்டுபிடிப்பு

அக்காலத்தில் பூவேலைத் துணி நெய்யும்போது பாவு நூல்களைத் தூக்கிவிட ஓர் உதவியாள் தேவைப்பட்டார். இதற்கு மாற்றாக புஷோன் 1725 இல் துளையிட்ட தாளையும், அவருக்குப் பின் ஃபால்கோன் அட்டைகளையும் பயன்படுத்தினர். வோகான்சோன் தானியங்கித் தறி அமைத்தார். பாரிசில் வோகான்சோனின் தறியை ஆராய்ந்த ஜக்கார்டு, இக்கருத்துகளை இணைத்து 1804 அளவில் தமது பொறியை அமைத்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு நூல் உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது.

பொதுவுடைமையும் திருத்தமும்

1805 இல் பேரரசர் நெப்போலியன் இப்பொறியின் உரிமையை லியோன் நகருக்கு அளித்தார். ஜக்கார்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியமும், 1811 வரை தறி ஒன்றுக்கு 50 பிராங்கும் வழங்கப்பட்டன. வேலை பறிபோகும் என்று அஞ்சிய நெசவாளர்கள் இப்பொறியைக் கடுமையாக எதிர்த்தனர்.

பொறியில் குறைகளும் இருந்தன. அட்டைகளை நகர்த்தும் அமைப்பு சரிவர இயங்கவில்லை. 1815 இல் ழான் அந்துவான் பிரெத்தோன் அதைத் திருத்தினார். அதன் பின்னரே பொறி பரவலானது. எனினும் திருத்தியவரின் பெயரைப் பலர் அறியார்.

கணினியியலில் தாக்கம்

சார்லஸ் பாபேஜ் தமது பகுப்புப் பொறிக்கு இவ்வகை அட்டைகளைத் திட்டமிட்டார். தொடக்ககாலக் கணினிகளின் நிரல்களும் துளையிட்ட நாடாக்களிலும் அட்டைகளிலும் எழுதப்பட்டன. தவறான துளையின் மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடுவதுண்டு. நிரல் திருத்தத்தைக் குறிக்கும் 'பேட்ச்' (ஒட்டு) என்னும் சொல் இவ்வழக்கத்தை நினைவூட்டுகிறது.

ஓர் அட்டையில் துளை தவறினால், வேலைப்பாடு திரும்ப வரும் இடந்தோறும் அதே வழு துணியில் தோன்றும். வழு எந்த ஊடை வரிசையில், எந்தப் பாவு நூலில் உள்ளது என்று குறித்தால், தவறிய அட்டையையும் துளையையும் கண்டறியலாம். லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது வழு தோன்றியது என்று பயனர் தெளிவாக அறிவித்தால், முன்பின் அறியாத ஒருவர்கூட மூல நிரலில் அதைத் திருத்தி அனுப்ப இயலும். அத்திருத்தம் ஏற்கப்பட்டால் அனைவருக்கும் பயன்படும்.

இறப்பு

ஜக்கார்டு 1834 இல் லியோனுக்கு அருகிலுள்ள ஊலன் என்னும் ஊரில் காலமானார்.