இராபர்ட் காக்

உயிரை வளர்ப்பது நீர். தூய்மை கெட்டவிடத்து அவ்வுயிரையே மாய்ப்பதும் நீர். இவ்வுண்மையை மெய்ப்பித்து, ஆற்றுநீரைப் பருகும் நகர மக்களைக் காக்க வழிகாட்டிய பெரியோருள் ஒருவர் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர்.

இவர் 1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், ஹார்ஸ் மலைப் பகுதியிலுள்ள கிளவுஸ்தால் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத் துறையில் அலுவல் பார்த்தவர். காக், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866இல் பட்டம் பெற்றார். பின்னர் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மருத்துவரானார். பகலில் நோயாளரைப் பேணினார்; எஞ்சிய நேரமெல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமியின் இயல்பை 1876இல் விளக்கினார். காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்தார்.

1883இல் எகிப்து நாட்டில் காலரா பரவியது. காரணம் ஆராய ஜெர்மானிய அரசு காக்கின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அங்கே நோய் தணியவே, குழுவினர் கல்கத்தாவிற்கு வந்தனர். நோயாளரின் குடலில் வளைந்த உருவமுடைய கிருமியைக் காக் கண்டார். மக்கள் குளித்தும், துணி துவைத்தும், குடிக்க முகந்தும் வந்த குளத்து நீரிலும் அக்கிருமியே இருந்தது.

1892 ஆகஸ்டுத் திங்களில் ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியது. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். ஆனால், அதை ஒட்டியிருந்த ஆல்டோனா நகர் பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒருபுறம் அழுகுரல், மறுபுறம் அமைதி. இரு நகரங்களும் எல்பே ஆற்று நீரையே பருகின. அதிலும், ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பின்னரே ஆல்டோனா நீர் எடுத்தது. பின் தப்பியது எவ்வாறு?

ஆல்டோனா ஆற்றுநீரை மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. நகரத் தலைவர்கள் செலவைக் கருதிப் பல்லாண்டுகள் காலங்கடத்தியதால், அங்குத் தொடங்கிய வடிகட்டும் தொட்டிகளின் பணி முற்றுப்பெறாதிருந்தது.

அத்தொட்டிகளில் அடியில் கூழாங்கல்லும், மேலே மென்மணலும் பரப்பியிருக்கும். நீர் அவற்றினூடே மெல்ல இறங்கும். நாளடைவில் மணலின்மேல் நுண்ணுயிர்கள் வாழும் வழவழப்பான படலம் ஒன்று தோன்றும். கிருமிகளைத் தடுப்பதில் அப்படலத்திற்கே பெரும்பங்குண்டு என்பதைக் காக் எடுத்துரைத்தார்.

ஆயினும், 1893ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. கடுங்குளிரில் தொட்டியைத் துப்புரவு செய்தபோது மணல் உறைந்து, வடிகட்டுதல் பழுதுற்றதே காரணம் எனக் காக் கண்டார். தொட்டி இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கண்காணித்தலும் வேண்டும் என உணர்த்தினார். நீர் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது. ஒவ்வொரு தொட்டியின் நீரையும் நாள்தோறும் சோதிக்கவேண்டும். ஒரு கனசென்டிமீட்டர் நீரில் 100 கிருமிகளுக்கு மேலிருப்பின் அதனை மக்களுக்கு விடலாகாது என விதிகள் வகுத்தார்.

ஹாம்பர்க்கின் வடிகட்டும் நிலையம் 1893இல் இயங்கத் தொடங்கியது. காசநோய் ஆராய்ச்சிக்காகக் காக் 1905இல் நோபெல் பரிசு பெற்றார். 1910 மே 27ஆம் நாள் மறைந்தார்.

மருந்துப் பொருளின்றி, மணலையும் நுண்ணுயிர்களையும் துணைக்கொண்டு நீரைத் தூய்மையாக்கும் இம்முறை இன்றும் பல நாடுகளில் வழங்கி வருகின்றது. வருமுன் காக்கத் தவறிய நகரம் தந்த விலை பெரிது. நீர்நிலைகளை மாசுபடாமல் காப்பதும், பருகும் நீரை நாளும் சோதித்து அளிப்பதும் நாகரிக மக்களின் கடமை என்பதைக் காக்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.